கொரங்காட்டுப் புல்லும் செடியும் வீட்டுத் தோட்டத்தில்: எதை வைக்கலாம், எதை விடலாம்?

11 ஜூன் 2022

திருப்பூர் மாவட்டம் மூலனூருக்குப் பக்கத்தில் வீடு. சுற்றி 15 சென்ட் காலியாகக் கிடக்கிறது. கொரியன் புல் விரித்துத் தருவதாக ஒரு நர்சரிக்காரர் வந்து அளந்துவிட்டுப் போனார். எனக்கு அது வேண்டாம். இடுப்பளவு புல், அதற்கு நடுவே தானாக முளைத்த மாதிரி பூச்செடிகள், உள்ளே போய்வர ஒரு தடம். ஒருமுறை வைத்தால் அதே வேரிலிருந்து வருஷா வருஷம் துளிர்க்க வேண்டும். நெதர்லாந்துக்காரர் பீட் ஔடால்ஃப் அமைத்த தோட்டங்களைப் படத்தில் பார்த்ததிலிருந்து பிடித்த ஆசை இது. நியூயார்க்கில் ரயில் ஓடாமல் கிடந்த மேம்பாலத்தைப் பூங்காவாக்கி 2009இல் திறந்தார்களே, ஹை லைன், அதற்குச் செடி தேர்ந்தவர் அவர்தான்.

அவர் வைக்கும் செடிகளில் எக்கினேசியா, ஊதா சால்வியா, மிஸ்காந்தஸ் புல் மூன்றுக்கும் விதை வரவழைத்து நாற்றுவிட்டிருக்கிறேன். சொட்டுநீரும் கொஞ்சம் மூடாக்கும் இருந்தால் நம் வெயிலிலும் வரும் என்பது என் கணக்கு. வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

12 ஜூன் 2022

மண்ணைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு முழம் செம்மண், அதற்குக் கீழே சுக்காங்கல். மழை வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வந்துவிடும். போர்த் தண்ணீர் உப்பு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று துணிக்கொடியில் ஒரு சட்டையைத் தங்கவிடாது. இந்தப் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பது அதனால்தான்.

30 ஜூலை 2022

காற்று வேலையை முடித்துவிட்டது. எக்கினேசியா நாற்று 40இல் 6 மிச்சம். இலையோரம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. சால்வியா ஒல்லியாக ஓடி ஒரு பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது. மிஸ்காந்தஸ் முளைக்கவே இல்லை.

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குறைவு என்று சொல்ல முடியாது, காலையும் மாலையும் விட்டேன். அந்தச் செடிகளுக்குத் தூக்கம் குளிர்காலத்தில். மேலே எல்லாம் காய்ந்து, உயிரை வேரில் வைத்துக்கொண்டு பனிக்குக் கீழே படுத்துவிடும். பிப்ரவரி கடைசியில் காய்ந்ததை வெட்டினால் வசந்தத்தில் எழுந்து வரும். நம் ஊர்ப் புல்லும் பூண்டும் படுப்பது கோடையில். குளிரே வராத ஊரில் அந்தச் செடி எப்போது தூங்கும்? தூங்காமலே வளர்ந்து வளர்ந்து இளைத்துப்போகிறது. அது தப்பித்தவறி இந்த ஆடியைத் தாண்டியிருந்தாலும் அடுத்த ஆடியைத் தாண்டியிருக்காது.

ஜூன் 11இல் எழுதிய கணக்கு தப்பு. மூடாக்கும் சொட்டுநீரும் இதைச் சரிசெய்யாது.

8 ஆகஸ்ட் 2022

நேற்று பக்கத்துக் காட்டுப் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, படலைத் திறந்துகொண்டு அவர்கள் கொரங்காட்டுக்குள் போனேன். சின்ன வயதிலிருந்து பார்த்த காடுதான். ஆனால் தோட்டம் வைக்க நினைத்தவன் கண்ணோடு அதற்குள் நடந்தது நேற்றுதான்.

தெரியாதவர்களுக்கு: கொரங்காடு என்பது காங்கயம், தாராபுரம், கரூர்ப் பக்கம் மாடும் ஆடும் மேய்ப்பதற்கென்றே விட்டுவைத்த மானாவாரி நிலம். நாலு பக்கமும் கிளுவை முள்வேலி. உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். தரை முழுக்கக் கொழுக்கட்டைப்புல். காங்கயம் மாடு வளர்ந்த மேய்ச்சல் இது.

ஆடி மாதம், சொட்டு ஈரம் இல்லை. புல் முழுக்கக் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நிற்கிறது. காற்று அடித்தால் மேற்கிலிருந்து கிழக்கே ஒரே அலையாகச் சாய்ந்து எழுகிறது. இடையில் கொழுஞ்சி, மாடு கடிக்காததால் தப்பித்து ஊதாப் பூவோடு. வேலியோரம் ஆவாரை மஞ்சளாக. படத்தில் நான் பார்த்து ஆசைப்பட்டது இதைத்தான். வீட்டிலிருந்து 200 அடி தூரத்தில் இருந்திருக்கிறது.

அப்புறம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஹை லைனில் கடைசி ரயில் ஓடியது 1980இல். அதற்குப் பிறகு அந்தத் தண்டவாளத்தில் தானாக முளைத்து நின்ற புல்லையும் பூண்டையும் முன்மாதிரியாக வைத்துத்தான் அங்கே புதுச்செடிகளைத் தேர்ந்தார்கள். அவர் வைத்த செடிகளின் பெயரை எழுதிக்கொண்ட நான், அவர் முதலில் எதைப் பார்த்தார் என்பதை விட்டுவிட்டேன்.

புல்விதை வேண்டும் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "ஏங் கண்ணு, காட்டுல தானா மொளைக்கறத வூட்டு வாசல்ல வெக்கறியா? பூச்செடி வெய்யி சாமி" என்றார்கள். பூச்செடியும் வைக்கிறேன் பெரியம்மா என்றேன். ஒரு முறம் நிறைய உருவிக்கொள்ளச் சொன்னார்கள்.

25 செப்டம்பர் 2022

விதைத்து நாலு வாரம். ஒன்றுகூட முளைக்கவில்லை. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "புது விதை மொளைக்காது கண்ணு, பழசாகோணும்" என்றார்கள். உண்மைதான், தேடிப் பார்த்தேன். கொழுக்கட்டைப்புல் விதைக்கு உறக்கம் உண்டு. உருவின உடனே போட்டால் பெரும்பாலும் முளைக்காது, ஆறேழு மாதம் வைத்திருந்து போட வேண்டும். போன வருஷத்து விதை அவர்கள் வீட்டு அட்டாலியில் ஒரு சாக்கில் கிடந்தது. அதில் இரண்டு படி கொடுத்தார்கள்.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன். விதையை ஒரு அங்குலம் ஆழத்தில் புதைத்தேன். இது பஞ்சு மாதிரி மயிர் சூழ்ந்த லேசான விதை. மண்ணைக் கீறிவிட்டு, விதையை ஈரமண்ணோடு பிசைந்து மேலாகத் தூவி, ஒரு முள்கொப்பை இழுத்துவிட்டால் போதும். எறும்பு தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கவும் இந்த மண்பிசைவு உதவுகிறது.

30 அக்டோபர் 2022

மழை பிடித்துக்கொண்டது. புல் பச்சை ஊசி ஊசியாக வந்துவிட்டது. இப்போது இடையில் வைக்கும் செடிகள்.

நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: பூ எப்படி இருக்கும் என்று கேட்கும் முன் சித்திரையில் எப்படி நிற்கும் என்று கேட்பது. பூ பத்து நாள், காய்ந்த உருவம் ஆறு மாதம். துத்தியை இதனால்தான் முதலில் எடுத்தேன். சாயங்காலம் விரியும் ஆரஞ்சு மஞ்சள் பூ அழகுதான், ஆனால் பூ போன பிறகு பல்சக்கரம் மாதிரி நிற்கும் காய், கறுத்துக் காய்ந்து மாதக்கணக்கில் கொம்பிலேயே இருக்கிறது. பேய்மிரட்டியும் அப்படித்தான். காய்ந்த பிறகும் தண்டில் அடுக்கடுக்காகக் கொத்து நிற்கும், தொட்டால் வாசனை வரும். வண்டுக்கும் தேனீக்கும் அதைவிட்டால் இங்கே வேறு விருந்து இல்லை. அதன் பச்சை இலையைத் திரித்து எண்ணெயில் போட்டால் விளக்குத் திரியாக எரியும், பிள்ளைகளுக்குச் செய்துகாட்டினேன்.

சரளைக்கல்லோடு கிடக்கும் தெற்கு மூலையில் சிவனார்வேம்பு. முழங்காலைத் தாண்டாது, சின்னச் சிவப்புப் பூ, கிட்டப்போய்க் குனிந்தால்தான் தெரியும். அதன் காலடியில் விஷ்ணுகிரந்தி. நீலத்துக்கு வேறு எதையும் தேட வேண்டாம். கொழுஞ்சி எங்கும், மண்ணுக்கும் நல்லது. கிலுகிலுப்பை நாலு செடி, காய் காய்ந்து காற்றில் குலுங்கும் சத்தத்துக்காக. வீட்டுச் சுவரோரம் நிழலில் கனகாம்பரமும் டிசம்பர் பூவும், அது என் அம்மாவுக்காக. படல் பக்கம் செங்காந்தள் கிழங்கு ஆறு, ஆவணியிலேயே ஊன்றியது. புல் முளைக்காத கவலையில் அதை எழுத விட்டுப்போயிற்று.

வாய்க்கால் கரையிலிருந்து தர்ப்பையும் ஒரு கூடை பெயர்த்துக்கொண்டு வந்து மேற்கு ஓரம் வைத்திருக்கிறேன். வெள்ளைப் பஞ்சாக அது பூத்து நிற்பதை வெயில் சாயும்போது பார்க்க வேண்டும்.

2 நவம்பர் 2022

நர்சரியில் கிடைக்கும் பவுண்டன் புல்லை வைக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. ஆப்பிரிக்கப் புல் அது. விதை விடும் பச்சை வகை ஹவாய்த் தீவுகளில் காடாகப் பரவித் தீக்கு வழி செய்துவிட்டது. நான் வைக்க மாட்டேன். மஞ்சள் பூவோடு தரையை மூடும் விடேலியாவும் வேண்டாம், ஒரு மழைக்கு மேல் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

அதே சமயம் ஒன்று சொல்ல வேண்டும். நம் கொழுக்கட்டைப்புல்லே ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாப் பாலையிலும் ஆகாத களை. ஆக எந்தப் புல்லையும் நல்லது கெட்டது என்று ஊரைச் சொல்லாமல் சொல்ல முடியாது.

11 டிசம்பர் 2022

காலை ஆறரை மணி. புல் முட்டிக்கு மேலே வந்து கதிர் தள்ளியிருக்கிறது. புதுக்கதிர் ஊதாச்சாயல், பழசு வெளுப்பு. ஒவ்வொரு மயிரிலும் பனி ஒரு மணி. வெயில் கிழக்கிலிருந்து அதன் பின்னால் வந்ததும் கதிர் முழுக்க உள்ளிருந்து எரிகிற மாதிரி இருந்தது. ஐந்து நிமிஷம்தான், பனி உலர்ந்ததும் போயிற்று.

அப்போது ஏழெட்டு வெண்தொண்டைச் சில்லைகள் வந்தன. ஒன்று தண்டில் உட்கார்ந்ததும் எடை தாங்காமல் தண்டு வளைந்து தரையைத் தொட்டது. குருவி பறக்கவில்லை. அப்படியே கதிரைக் காலால் மிதித்துக்கொண்டு ஒவ்வொன்றாக உருவித் தின்றது. பறந்ததும் தண்டு நிமிர்ந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு விஷயம் கற்றேன்: புல்லைத் தடத்திலிருந்து கிழக்கே வைக்க வேண்டும், காலையில் வெயில் அதன் பின்னாலிருந்து வர வேண்டும். நான் வைத்ததில் பாதி தப்பான பக்கம்.

19 மார்ச் 2023

எல்லாம் காய்ந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் "தண்ணி விடறதில்லீங்களா?" என்று கேட்கிறார்கள். எனக்கு இந்த நிறம் பிடித்திருக்கிறது. வைக்கோல், துரு, கருப்பு என்று எத்தனை பழுப்பு. ஆனால் ஒரு பயம் உண்மையானது, அதைத் தள்ளிவிட முடியாது: தீ. ஒரு பீடித் துண்டு போதும். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடிக்குப் புல்லே இல்லாமல் செதுக்கி, வெறும் சரளை போட்டுவிட்டேன். ரோட்டோரம் ஆறடி. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

வெட்டுவதா, விடுவதா? கொரங்காட்டில் இந்த வேலையை மாடு செய்கிறது. மேயாத தூர் நடுவில் செத்து வளையமாகிவிடும். அதனால் வடபாதியை மட்டும் நாலு விரல் உயரம் விட்டு அறுத்தேன். தென்பாதியை விட்டிருக்கிறேன். அறுத்ததைப் பெரியம்மா மாட்டுக்குக் கட்டிக்கொண்டு போனார்கள்.

7 மே 2023

கோடைமழை இரண்டு உழவுக்கு ஆகிற அளவு பெய்தது. அறுத்த பாதி ஐந்தாம் நாள் பச்சை. அறுக்காத பாதியில் பச்சை வந்தும் வெளியே தெரியவில்லை, மேலே பழைய தாள் நரைத்து மூடியிருக்கிறது. ஆக எல்லாவற்றையும் பங்குனியில் அறுத்துவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு சில்லை தென்பாதிக்கு வந்து காய்ந்த கதிரை நீளமாகக் கிள்ளிக்கொண்டு வெள்வேல மரத்துக்குப் போனது. திரும்ப வந்தது. இருபது தடவையாவது போய்வந்திருக்கும். அதனால் முடிவை மாற்றிக்கொண்டேன்: ஒரு வருஷம் வடபாதி, மறு வருஷம் தென்பாதி.

13 ஆகஸ்ட் 2023

இரண்டு கெட்ட செய்தி.

செங்காந்தள் ஆறில் நாலு போயிற்று. போன தை மாதம் காய் முற்றித் தண்டு மஞ்சளானபோது செடிக்கு ஏதோ நோய் என்று நினைத்துத் தண்ணீர் அதிகம் விட்டேன். அது நோயே இல்லை, உறங்கப் போகிற அடையாளம். எக்கினேசியாவைப் பற்றி அத்தனை எழுதிய நான் இதை யோசிக்கவில்லை. கலப்பைக் கிழங்கு என்று இதற்கு இன்னொரு பெயர், கலப்பை மாதிரியே வளைந்திருக்கும், முனையில்தான் முளை. தோண்டிப் பார்த்தால் நாலும் கூழாகிக் கிடந்தன. இந்தச் சுற்றுவட்டாரத்தில் விதைக்காகவே ஏக்கர் கணக்கில் இதைப் பயிரிடுகிறார்கள், கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். செடி முழுக்க விஷம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

பிழைத்த இரண்டில் ஒன்றைத் தோண்டியபோது அடுத்தது தெரிந்தது. கிழங்கின் ஒரு பக்கம் வழியாகப் புகுந்து மறுபக்கம் வெளியே வந்திருக்கிறது ஒரு வெள்ளை ஊசி. தர்ப்பையின் நிலத்தடித் தண்டு. முனை கோணி ஊசி மாதிரி இருக்கிறது. மேற்கு ஓரம் வைத்தது பத்து மாதத்தில் மண்ணுக்குள்ளேயே ஏழடி வந்திருக்கிறது. அக்டோபரில் அதைச் சிபாரிசு செய்து எழுதினேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். சின்னத் தோட்டத்துக்குத் தர்ப்பை வேண்டவே வேண்டாம். கடப்பாரையும் கையுமாக மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. விரல் நீளத் துண்டு விட்டுப்போனாலும் முளைக்கிறது.

அந்த ஓரத்துக்கு இப்போது வெட்டிவேர். தூர் தூராக வைத்த இடத்தில் நிற்கும், ஓடாது. வேர் நேராகக் கீழே போகும். ஆள் உயரம் வளர்ந்து காற்றுக்கும் தடுப்பாகிறது.

26 நவம்பர் 2023

ஊசிப்புல் பற்றி. கரட்டிலிருந்து விதை எடுத்து ஒரு பாத்தி போட்டிருந்தேன். காய்ந்தால் செம்பு நிறம், கொழுக்கட்டைக்குப் பக்கத்தில் அதைப்போல எடுப்பாக நிற்கும் புல் வேறில்லை. ஆனால் வேட்டி, காலுறை, நாயின் காது என்று எல்லாவற்றிலும் ஏறிவிடுகிறது. ஒன்றைப் பிடுங்கித் திண்ணையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முறுக்கிக்கொண்டிருந்த வால் மெல்லப் பிரிந்து, விதை தன்னால் சுழன்றது. காய்ந்ததும் மறுபடி முறுக்கிக்கொண்டது. மண்ணில் விழுந்த விதை இப்படித்தான் திருகாணி மாதிரி உள்ளே இறங்குகிறது. ஆட்டுத் தோலிலும் அப்படித்தான் இறங்கும். தடத்தோரம் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன், யாரும் நடக்காத வடமேற்கு மூலையில் மட்டும் வைத்திருக்கிறேன். தடத்தோரத்துக்குத் துடைப்பப்புல் வைத்தேன். மெலிந்து நிமிர்ந்து நிற்கும், உடம்பை உரசினாலும் இந்த அளவுக்குத் தொல்லை இல்லை.

4 பிப்ரவரி 2024

பாம்பு வருமே என்று கேட்பவர்களுக்கு: வரும். இந்தப் பக்கம் சுருட்டை விரியன் உண்டு, சின்னது, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். இதுவரை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். தடம் நாலடி அகலம், எப்போதும் செதுக்கியே இருக்கும். வாசல் பக்கம் கல்குவியல், விறகு எதுவும் வைப்பதில்லை. இருட்டியபின் டார்ச் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. பிள்ளைகளுக்குச் செருப்பு கட்டாயம். இதற்கு மனம் ஒப்பாதவர்கள் முழங்காலுக்குக் கீழான செடிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். பயத்தோடு தோட்டம் வைக்க முடியாது.

20 அக்டோபர் 2024

15 சென்ட்டுக்கு எத்தனை வகை என்ற கேள்விக்கு. நான் முதலில் 22 வைத்தேன். இப்போது 11 இருக்கிறது, போனதில் பாதி தானே போயிற்று, மீதியை நான் எடுத்தேன். பத்தில் ஏழு பங்கு தரை கொழுக்கட்டைதான். ஒரே புல் பரவலாக இருந்தால்தான் அதற்குள் வரும் துத்தியும் கொழுஞ்சியும் தெரிகின்றன. எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வைத்தபோது நர்சரிக் கொட்டகை மாதிரி இருந்தது. கிலுகிலுப்பை நான் வைத்த இடத்தில் ஒன்றும் இல்லை, அதுவாகத் தென்கோடிக்குப் போய் முளைத்திருக்கிறது. அங்கேதான் நன்றாகவும் இருக்கிறது. ஐப்பசி வெயிலில் அதன் காய்ந்த தண்டில் நீல வரியன் பட்டாம்பூச்சிகள் பத்து பதினைந்து அப்பிக்கொண்டு நிற்கின்றன.

கம்பிவேலியை எடுத்துவிட்டுக் கிளுவைப் போத்து நட்டிருக்கிறேன். முக்கால்வாசி துளிர்விட்டது. மிஞ்சிய காந்தள் இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகின்றன. இலை நுனி சுருண்டு முள்ளைப் பற்றிக்கொள்கிறது, கயிறு கட்ட வேண்டியதே இல்லை.

நேற்று பெரியம்மா வந்தார்கள். அவர்கள் காட்டில் மேற்கு வயல் இரண்டு வருஷமாகப் புல் அற்றுப்போய்த் தரை தெரிகிறது, மறுபடி விதைக்க வேண்டுமாம். "உங்கிட்டப் பழைய வெத இருக்குதா கண்ணு?" என்றார்கள். போன வருஷம் உருவி வைத்தது ஒரு உரச்சாக்கு நிறைய இருந்தது. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினேன். மழைக்கு முன்னால் தூவிவிட வேண்டும், நாளைக்கு நானும் போகிறேன்.